தொண்ணூறு அடி ரோமாபுரி

அறுபதுகளின் கடைசியில் நான் காரைக்குடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெரிய செட்டியார் வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்பக்கத்தில் வீட்டுக்கார ஆச்சியும் ஒரு சமையல்காரம்மாளும் மட்டும் இருந்தார்கள். ஆச்சியின் கணவர் மலேயாவில் வியாபாரத்தில் இருந்தார். எங்கள் பங்குக்கு இரண்டு அறை, ஒரு அடுப்படி. அடுப்படிக்கு வெளியே தோட்டம். தோட்டத்தின் கோடியில், மதிலை ஒட்டிக் கிணறு.

அடுப்படி ஜன்னலிலிருந்து கிணற்றுக்குத் தொண்ணூறு அடி. மூன்று முறை அளந்திருக்கிறேன். ஏன் அளந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்து வந்துவிடும். ஒரு அம்மாள் தினமும் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவார். குளிக்க, துவைக்க, கழுவ, மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். என் மனைவி ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து குடம் சுமந்தாள். அந்தக் காலத்து ஆண்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு நன்றாகவே கண்ணில் பட்டது. நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சு, கிணற்றுக்குப் போகிற வழியில்தான் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பில் ரோமாபுரி நடத்த வேண்டும். அந்த நகரத்துக்குத் தண்ணீர் வந்த விதத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயமும், அடுக்கடுக்கான கல் வளைவுகளின் மேல் கால்வாய் ஓடுகிற படங்களும் இருந்தன. எனக்கு ஒரே ஆச்சரியம். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. அருகில் என் மனைவிதான் இருந்தாள். அவளும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காலிக் குடத்தோடு கிணற்றுப் பக்கம் போகும்போது கொஞ்சம் சொல்வேன், நிறைகுடத்தோடு திரும்பும்போது மிச்சத்தைச் சொல்வேன்.

"மொத்தம் பதினோரு கால்வாய்" என்றேன், அவள் போகும்போது.

"பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து வந்தது. சிலது ஐம்பது அறுபது மைல் தூரம்" என்றேன், அவள் வரும்போது.

அவள் நின்றாள். "அம்பது மைலுக்கு அங்குட்டு இருந்தா தண்ணி கொண்டாந்தாக?"

"ஆமா. தானாகவே ஓடி வந்தது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. வாட்டம் மட்டும்தான். ஆயிரம் அடிக்கு ஒரு அடி, சில இடத்தில் அதற்கும் குறைவு. அந்த அளவுக்கு நுணுக்கமாகச் சரித்துக்கொண்டு வந்திருக்கிறான்."

"யாரு செஞ்சது? ஆம்பளையாளுகளா?"

"ஆமா, என்ஜினீயர்கள், போர்வீரர்கள், வேலையாட்கள்…"

அவள் நிறைகுடத்தை இறக்கி, என் மடியிலிருந்த புத்தகத்தின் மேல் வைத்தாள். "அம்பது மைலுக்குக் கொண்டாந்திருக்காக. இந்தா, கூப்புடு தூரத்துல கெடக்கு கெணறு. இங்கயும் ஒரு ஆம்பளை இருக்கீக." அவ்வளவுதான் சொன்னாள். அடுப்படிக்குள் போய்விட்டாள். மடியில் புத்தகமும் குடமுமாக எழுந்திருக்க முடியாமல் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேட்டி நனைந்துகொண்டிருந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஆச்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆச்சிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை மாதிரித் தெரிகிற வெளிர்நிறக் கண்டாங்கி, வைரத்தோடு, எதற்கும் அசராத குரல். நான் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன்.

"எந்த ஊரு தம்பி இது?"

"ரோமாபுரி ஆச்சி."

"எங்க அப்பச்சி ரங்கூன் போயிருக்காக, சைகோன் போயிருக்காக, பினாங்கு போயிருக்காக. ரோமாபுரி போனதா சொன்னதில்லையே. அங்க நம்மாளுக கடை இருந்துச்சா?"

"இல்லை ஆச்சி. இது இத்தாலி."

அந்த ஒரு சொல்லில் ஆச்சியின் முகம் மாறியது. "இத்தாலியா? இந்தா, வளவு முத்தத்துல போட்டிருக்க கல்லு அவுக ஊருதான். கப்பல்ல வந்தது. நல்ல கல்லு. ஈரம் பட்டா வழுக்கும், அது ஒண்ணுதான்." படத்தை மறுபடியும் உற்றுப் பார்த்தார். "வளைவு எதுக்கு இத்தனை? நம்ம வீட்டுல இருபத்தெட்டு வளைவு இருக்கு. ஒண்ணுலயும் தண்ணி ஓடலை."

பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் தண்ணீர் இறங்கிவிடாமல் ஒரே உயரத்தில் கொண்டுபோகத்தான் வளைவு என்று விளக்கினேன். உண்மையில் அந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் பூமிக்கடியில் மூடித்தான் ஓடின, வளைவு கொஞ்ச தூரத்துக்குத்தான் என்றும் சொன்னேன்.

"அப்பத் தோண்டிப் பொதைக்க வேண்டியதுதானே?" என்றார் ஆச்சி.

எனக்கு வளைவு வேண்டியிருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால், "மரத்து வேர் போகும் ஆச்சி" என்றேன். ஆச்சிக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது: சுண்ணாம்பு, செங்கல் என்று எதையும் கட்டக் கூடாது, அவருடைய மல்லிகைப் பாத்தியை மிதிக்கக் கூடாது.

ஆக, கட்டாமல் ஒரு கால்வாய் வேண்டும். என் மனைவிக்குச் சொந்த ஊர் மானகிரி. அவளுடைய அண்ணன் அங்கே விவசாயம் பார்த்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் கடுதாசி போட்ட மூன்றாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் ஆறு பனந்தோணி. பனைமரத்தை நெட்டுக்குப் பிளந்து உள்ளே பஞ்சுபோல இருக்கிற சோற்றைச் சுரண்டிவிட்டால் நீளமாக ஒரு பள்ளம் கிடைக்கும். வயலில் வரப்புக்கு வரப்பு தண்ணீர் தாண்டுவதற்குப் போடுவார்கள். ஒவ்வொன்றும் பதினாறு அடி. கூடவே உடைந்த வண்டிச் சக்கரம் இரண்டு.

"சக்கரம் எதுக்கு மச்சான்?" என்றேன்.

"வளைவு வேணும்னு எழுதியிருந்தீகளே மாப்பிள்ளை. கால்வாசியப் பொதைச்சு நட்டா மேல வளைவாத் தெரியுமில்ல?"

நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறைதான்.

அடுத்தது அளவு எடுக்கிற வேலை. ரோமாபுரிக்காரர்கள் நீளமான ஒரு மேசையின் மேல் பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார்கள் என்று படித்திருந்தேன். எங்களிடம் இருந்தது அந்தப் பெஞ்சு ஒன்றுதான். ஆசாரியைக் கூட்டிவந்து அதன் நடுவில் நெடுக ஒரு பள்ளம் வெட்டவைத்தேன். அதற்கப்புறம் அதில் யார் உட்கார்ந்து எழுந்தாலும் பின்பக்கம் ஒரு கோடு விழும்.

பெஞ்சைத் தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கிணற்றுப் பக்கத்து முனையில், தண்ணீர் நின்ற மட்டத்தில், பென்சிலால் ஒரு கோடு. குனிந்து நோட்டில் குறித்துவிட்டு நிமிர்ந்தால் தண்ணீர் கோட்டைவிட்டு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சரி, நிலம் சரிகிறது என்று எழுதிக்கொண்டேன். பெஞ்சை நகர்த்தி மறுபடி ஊற்றினேன். குனிந்து எழுதி நிமிர்ந்தேன். இன்னும் ஒரு விரற்கடை. இப்படியே தொண்ணூறு அடியும் அளந்து கூட்டிப் பார்த்ததில், எங்கள் அடுப்படி கிணற்றடியைவிட இரண்டரை அடி பள்ளத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

மச்சான் நோட்டைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நாங்கள் தினமும் ஏறி இறங்குகிற மூன்று படிகளையும் பார்த்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது நெளிந்து நெளிந்து கிணற்றைப் பார்க்கப் போனது.

"மாப்பிள்ளை, உங்க கணக்குத் தப்பா, இந்தத் தண்ணி தப்பா?"

"கணக்கு தப்பாக வாய்ப்பில்லை மச்சான். ரோமாபுரி முறை."

அப்போது என் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள்: "ஏங்க, ஆடு பெஞ்சுல வாய வச்சுக்கிட்டு இருக்கு!"

திரும்பிப் பார்த்தோம். சமையல்காரம்மாளின் வெள்ளாடு தாடி சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து எழுதும்போதெல்லாம் அது ஒரு வாய் குடித்திருக்கிறது. தொண்ணூறு அடியும் பொறுமையாகக் கூடவே வந்து குடித்திருக்கிறது.

ஆட்டைக் கட்டிப்போட்டு மறுபடி அளந்ததில், அடுப்படிப் பக்கம் ஒன்றரை அடி மேடு என்று தெரிந்தது. ஜன்னல் திண்டையும் சேர்த்தால் கிணற்றடியில் கால்வாய் ஆறடி உயரத்தில் தொடங்க வேண்டும். நான்கு நாள் வேலை. கட்டக் கூடாதென்று சொல்லியிருந்ததால் முட்டுக் கொடுக்கக் கிடைத்ததையெல்லாம் எடுத்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பழைய ஆட்டுக்கல், கதவு இல்லாத ஒரு பீரோ, கவட்டைக் கம்புகள், ஒரு தார் டிரம். நடுவில் எங்கள் இரண்டு சக்கர வளைவுகள். மேலே ஆறு தோணிகளையும் ஒன்றின் வாய் அடுத்ததன் தலைமேல் வருகிற மாதிரி வைத்து, சந்துகளில் சாக்கையும் களிமண்ணையும் திணித்தோம். தோட்டத்தின் குறுக்கே அது கிழட்டு மரவட்டை மாதிரிக் கிடந்தது. என் கண்ணுக்கு ரோமாபுரியாகத்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை திறப்பு விழா. ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சமையல்காரம்மாள் காப்பி கொண்டுவந்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, தோணியின் நெடுகிலும் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றடியில் போய் நின்றாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறடி உயரத்தில் இருந்த தோணியின் வாயை அண்ணாந்து பார்த்தாள்.

"தண்ணி எப்படிங்க இதுல ஏறும்?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மோட்டார் வாங்கி வச்சிருக்கீகன்னுல்ல நான் நெனச்சேன்!" என்றார் அவர்.

"மோட்டாரா? ரோமாபுரியில் மோட்டார் ஏது மச்சான்?"

"அவுகளுக்கு எப்படி ஏறுச்சு?"

"ஏறவில்லை. மலையிலிருந்து இறங்கியது" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வாரமாக வாட்டம், வளைவு, மட்டம் என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கிணறு மலை இல்லை என்பது மட்டும் தோன்றவே இல்லை. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்மண் பொட்டல். இருந்த தண்ணீரும் பூமிக்குள் முப்பதடி கீழே கிடந்தது.

தோட்டத்துக்குக் கரண்ட் இழுக்கலாமா என்று ஆச்சியைக் கேட்டேன். "கெணத்துக்குள்ள கரண்டு எறங்கிருச்சுன்னா? அப்புறம் குளிக்கிறவுக கதி?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, "யாராவது எறைச்சு மேல ஊத்தினா ஓடும்" என்றார். யாராவது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காப்பி கொண்டுவந்த சமையல்காரம்மாள்கூட.

அன்று மத்தியானமே கிணற்றடியில் ஒரு மரப்படிக்கட்டு வந்தது. ஐந்து படி. உச்சியில் ஒரு தகர டிரம், அதன் அடியில் ஒரு ஓட்டை, அதிலிருந்து தோணிக்குள். ராட்டினத்தில் ஒரு வாளி இறைக்க வேண்டும், ஐந்து படி ஏற வேண்டும், டிரம்மில் ஊற்ற வேண்டும், இறங்க வேண்டும். டிரம் நிறைந்ததும் ஓட்டையில் அடைத்திருக்கிற கட்டையைப் பிடுங்க வேண்டும்.

முதல் தடவை பதினைந்து வாளி ஊற்றிவிட்டுக் கட்டையைப் பிடுங்கினேன். தண்ணீர் ஓடியது! முதல் தோணி, இரண்டாம் தோணி, பீரோ, சக்கர வளைவு… மச்சான் கூடவே ஓடினார். நானும் படியிலிருந்து குதித்து ஓடினேன். ஆனால் எங்களுக்கு முன்னால் தண்ணீர் போய்விட்டது. நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் மச்சான் கடைசித் தோணியின் தலையை ஒரு முழம் தூக்கி வைத்திருந்தார். தண்ணீர் அந்த இடத்தில் வேகம் பிடித்து, ஜன்னல் வழியாகப் பாய்ந்து, அண்டாவைத் தாண்டி நேராக அடுப்பில் விழுந்தது. பருப்பு வெந்துகொண்டிருந்த சட்டி உருண்டது. புகையும் சாம்பலும் ஜன்னல் வழியாக வெளியே வந்தன. சிறிது நேரம் கழித்து அதே வழியாக என் மனைவியின் முகம் வந்தது. நெற்றி முழுக்கச் சாம்பல்.

"வந்துருச்சு" என்றாள்.

ரோமாபுரியிலும் தண்ணீர் நேரே வீட்டுக்குள் போகாது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தொட்டியில் விழுந்து, வேகம் அடங்கி, அங்கிருந்துதான் குழாய்களில் பிரியும். அதைப் படித்தும் செய்யாமல் விட்டது என் தவறு. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மண் தொட்டியை வைத்தேன். அதில் மூன்று ஓட்டை, மூன்றும் மூன்று உயரத்தில். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது அடுப்படிக்கு. நடுவில் இருப்பது நான் குளிக்கிற இடத்துக்கு. மேலே இருப்பது தோட்டத்துக்கு. தண்ணீர் குறைந்தால் மேல் ஓட்டைதான் முதலில் காயும், அடுப்படி கடைசிவரை ஓடும். இதுவும் ரோமாபுரி யோசனைதான். அங்கே கடைசிவரை ஓடுவது பொதுக் குழாய்.

அதிலிருந்து என் வாழ்க்கை முறை மாறியது. தினமும் பள்ளிக்கூடம் போவதற்குமுன் ஐம்பது வாளி. மனைவி அடுப்படியில் இருந்துகொண்டே தட்டைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இன்னும் ஊற்று, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. எனக்கு ஒரு தட்டுதான் அதிகம் கேட்கும். ஆச்சியைப் பார்க்க அரியக்குடியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் தோட்டத்துக்கு வந்து நின்று பார்ப்பார்கள். "இது இத்தாலி முறை" என்று ஆச்சி விளக்குவார். "அந்தா மேல ஏறி ஊத்துறாகளே, அவுக ஹைஸ்கூல் வாத்தியார்." ஒருமுறை நாமக்காரப் பெரியவர் ஒருவர், "இதுக்கெல்லாம் படிக்கணுமா?" என்று கேட்டார். நான் அடுத்த வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு ஐம்பது வாளி ஊற்றினாலும் ஒரு தட்டு நிற்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று தோணிகளைத் தடவிக்கொண்டே போனேன். நான்காவது தோணியின் அடியில், மல்லிகைப் பாத்திக்கு நேர் மேலே, விரல் அளவுக்கு ஒரு துளை. அதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. குச்சியில் ஒரு நூலும் கட்டியிருந்தது, இழுத்தால் வந்துவிடும். அந்த நேர்த்தியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நேராக ஆச்சியிடம் ஓடினேன்.

"ஆச்சி! ரோமாபுரியிலும் இதேதான்! பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் கால்வாயில் ரகசியமாக ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அதைக் கண்டுபிடிக்கவே ஆள் போட்டிருந்தார்கள்!"

திருட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்று ஆச்சி முதலில் விறைத்து உட்கார்ந்திருந்தார். "யாரு செஞ்சாக?"

"பெரிய வீட்டுக்காரர்கள்."

"பெரிய வீட்டுக்காரவுகதான செஞ்சாக? அப்பச் சரி." விறைப்பு போய்விட்டது. "ஆனா எனக்கு எதுக்குத் தம்பி ரகசியம்? மொறையாவே ஒரு ஓட்டை குடுத்துருங்க."

மண் தொட்டியின் மேல் ஓட்டையை மல்லிகைக்கு என்று எழுதிக்கொடுத்தேன். மேல் ஓட்டைதான் மரியாதை என்று வேறு சொல்லிவைத்தேன். மூன்று நாள் ஆச்சி பெருமையாக இருந்தார். நான்காம் நாள் மல்லிகை வாடியது. ஐந்தாம் நாள் ஆச்சி தொட்டியருகே குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதைக் கண் கொட்டாமல் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது ஆச்சியும் என் மனைவியும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"ஆச்சிக்கு நடு ஓட்டையக் குடுத்துட்டேங்க" என்றாள் மனைவி.

"நடு ஓட்டை நான் குளிப்பதற்கு அல்லவா?"

"நீங்க மேல் ஓட்டைக்குப் போயிருங்க. அதுதான் மரியாதையாமே. ஆச்சி சொன்னாக."

"அப்படியென்றால் நான் குளிக்க வேண்டுமானால்…"

"இன்னும் ஒரு இருபது வாளி கூட ஊத்துங்க. எறைக்கிறதும் நீங்கதான், குளிக்கிறதும் நீங்கதான். யாரு கேக்கப் போறா?"

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். இரண்டு பேர் சேலையிலும் கோடு விழுந்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வானம் இருட்டிக் கொட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டே பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்த நான் தோட்டத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கால்வாய் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மின் அருகில் ஒருவரும் இல்லை. ஆச்சி வீட்டு ஓட்டுக்கூரை முழுவதும் வழிகிற மழைத்தண்ணீர் ஒரு செம்புக் குழாய் வழியாக விழும். அந்தக் குழாயின் வாய் சரியாக எங்கள் ஐந்தாம் தோணிக்கு மேலே இருந்ததை நானோ மச்சானோ கவனித்திருக்கவில்லை. கூரைதான் என் மலை! யாரும் இறைக்காமல், யாரும் ஏறாமல், தானாகவே ஓடுகிறது. மழையில் நின்று இரண்டு கையையும் தட்டினேன்.

உள்ளிருந்து தட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. பிறகு எண்ண முடியாத அளவுக்கு.

ஓடிப்போய்ப் பார்த்தால் என் மனைவி அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு அம்மியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அடுப்படியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கரண்டி, தேங்காய் மூடி, ஒரு செருப்பு எல்லாம் மிதந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்க!"

"நிறுத்த முடியாது! ரோமாபுரியிலும் நிறுத்த மாட்டார்கள். இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சத் தண்ணீர் சாக்கடை வழியாகப் போய்…"

"நம்ம சாக்கடை எங்க?"

சாக்கடையை நான் கட்டவில்லை.

வெளியே ஓடி ஐந்தாம் தோணியை நகர்த்தப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்து ஒரு யானைக்குட்டி கனம் கனத்தது. அதற்குள் ஆச்சி, மலேயாவிலிருந்து வந்த பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஒரு கணம் நிலைமையைப் பார்த்தார். பிறகு, மலேயாக் குடையை மடக்கி, அதன் பிடியைப் பக்கத்திலிருந்த வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் மாட்டி ஒரே இழுப்பு இழுத்தார். மழையில் மண் இளகியிருந்ததால் சக்கரம் சாய்ந்து வெளியே வந்தது. தோணி சரிந்து என் கால்மாட்டில் விழுந்தது. அடுப்படிக்குப் போகிற தண்ணீர் நின்றது. சக்கரம் மட்டும் நிற்காமல் சரிவில் உருண்டு போய்க் கிணற்றுச் சுவரில் மோதிப் படுத்துக்கொண்டது.

"ஒங்க இத்தாலிக்காரன் நல்லா யோசிச்சிருக்கான் தம்பி" என்றார் ஆச்சி, நனைந்த சேலையைப் பிழிந்தபடி. "வளைவு இருந்தாத்தான் சீக்கிரம் விழுது."

மழை விட்டபின் மச்சான் வந்தார். கடைசி இரண்டு தோணிகளை மட்டும் செம்புக் குழாய்க்கு எட்டாமல் தள்ளி வைத்தோம், ஒரு சாக்கடையும் வெட்டினோம். அதன்பிறகு ஒன்றரை வருடம் அந்தக் கால்வாய் ஓடியது. என் தோள் அகன்று சட்டைகள் எல்லாம் இறுக்கிப் பிடித்தன. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறேன் என்று கேட்டார். என் மனைவி ஒருநாளும் என்னைப் பாராட்டவில்லை. ஆனால் தன் அம்மா வந்தபோது, "கெணத்தடிக்கு நான் போயி எத்தனை மாசமாச்சு தெரியுமா?" என்று சொன்னதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். அன்றைக்குப் பத்து வாளி கூடவே ஊற்றினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் குழாய்த் தண்ணீர் வருகிற ஒரு வீடு கிடைத்து அங்கே மாறினோம். போகும்போது தோணிகளைப் பிரித்து மானகிரிக்கு அனுப்பிவிடலாம் என்றேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் தம்பி. மல்லிகை பழகிருச்சு" என்றார்.

புதுவீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு இளைஞர் வந்து நின்றார். பேங்கில் குமாஸ்தா, சிவகங்கையிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பழைய வீட்டில் குடியேறியிருப்பவர். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

"சார், அந்த வாத்தியார் நீங்கதானா?"

"ஆமா. உட்காருங்கள்."

அவர் உட்காரவில்லை. "வீடு காமிக்கும்போதே ஆச்சி சொல்லிட்டாக, காலையில எழுவது வாளின்னு. இந்த வீட்டுக்குக் குடிவர்ற ஆம்பளையாளுக எல்லாம் ஊத்தணும், அது இத்தாலி வழக்கம்னு சொல்றாக. நெசமா சார்?"

அடுப்படியில் குழாயைத் திறந்துவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. நான் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் மஞ்சள்தூளும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். வாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொன்னேன். எந்தப் படி ஆடும் என்பதையும் சொன்னேன். அவர் மூன்றாவது படி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.